ஓரத்தில் நின்றவள்

புளித்த சோளமாவு உருண்டையான கென்கியைப் பிட்டு மிளகாய்த் துவையலில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோகிற நேரத்தில் அராபாவின் போன் துடிக்க ஆரம்பித்தது. ஆரம்பித்தது நிற்கவே இல்லை. சபையின் வாட்ஸாப் குழுதான். காலையில் அவள் அனுப்பிய அறுப்பின் பண்டிகைப் படத்துக்கு எல்லோரும் வாழ்த்துச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோய், எச்சில் கையை ஒதுக்கிவைத்து இடது கையால் போனை எடுத்தாள். வாழ்த்து ஒன்றிரண்டுதான் இருந்தது. மற்றதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்ட பொம்மை முகங்கள். நடுவில் டாட்சி அம்மாவின் குரல் பதிவு ஒன்று கிடந்தது. அதை அழுத்தினாள்.

"யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணுல பட்டதத்தான் சொல்றேன். முன்வரிசையில இடது ஓரத்துல நிக்குதே, அந்தப் புள்ளைக்கு எத்தன மாசம்?"

இடது ஓரத்தில் நின்றவள் எக்குவா, அராபாவின் தங்கை. இரண்டு வாரத்தில் கல்யாணம்.

அராபா படத்தைப் பெரிதாக்கினாள். ஐயோ! பாடகர் குழுவின் ஊதா அங்கிக்குள் எக்குவாவின் வயிறு பலாப்பழம் மாதிரி பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு நின்றது. காலையில் இதே படத்தை இவள் எத்தனை தடவை பார்த்திருப்பாள்! எல்லோரும் உள்ளே அடங்கிவிட்டார்களா, யாராவது கண்ணை மூடியிருக்கிறார்களா, அது ஒன்றுதான் கவலையாக இருந்தது. எத்தனை தலை என்று எண்ணியவள் ஒருத்தியின் உடம்பையும் பார்க்கவில்லை. கையிலிருந்த கென்கி அப்படியே தட்டில் விழுந்தது.

படத்தை எடுத்த இடம் அப்படி. கோயிலுக்கு முன்னால் வாசல், வாசலை ஒட்டித் திறந்த சாக்கடை, சாக்கடைக்கு அந்தப்பக்கம் வண்டிகள் பறக்கிற டகோராடி ரோடு. பாடகர்கள் படியில் வரிசையாக நின்றார்கள். பின்னால் போகலாம் என்றால் அராபாவின் ஒரு கால் ஏற்கெனவே சாக்கடை விளிம்பில் இருந்தது. கேமராவோடு வந்த லென்ஸில் பாதிக் குழுதான் தெரிந்தது. அப்போதுதான் பையில் கிடந்த துண்டு லென்ஸின் ஞாபகம் வந்தது. மார்க்கெட் வட்டத்தில் பழைய கேமரா வாங்கியபோது கடைக்காரன் யூஃபி சும்மா கொடுத்த மூன்று துண்டுகளில் ஒன்று அது. "பாரு தங்கச்சி, இதெல்லாம் தனி லென்ஸ் இல்ல. இருக்குற லென்ஸ் மூஞ்சியில திருகி மாட்டுறது. இது தூரத்துல இருக்கறத இழுத்துட்டு வரும். இது எறும்ப ஆடாக்கும். இது இருக்கே, இது அம்மாடி, ரூமுக்குள்ள நின்னு ஊரையே எடுக்கலாம்" என்றிருந்தான். ஊரையே எடுக்கிறதைத் திருகினாள். அத்தனை பேரும் அடங்கிவிட்டார்கள். யாருடைய உடம்பை விலையாகக் கொடுத்து அடங்கினார்கள் என்று அப்போது தெரியவில்லை.

அந்தச் சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கப்படுகிற பெண் முன்வரிசையின் ஓரத்தில்தான் நிற்கவேண்டும். கல்யாணம் ஆனதும் அங்கிருந்து இறங்கிப் பெண்கள் சங்கத்துப் பக்கம் போவாள் என்பதற்காக வைத்த வழக்கம். எக்குவா வேறு எங்கே நிற்பாள்? நடுவில் நின்றிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

பேச்சு வந்தால் சும்மா போகிற சபையும் இல்லை அது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெண்ணைச் சபை நர்ஸிடம் அனுப்பிச் சோதிப்பார்கள். வயிற்றில் ஏதாவது இருந்தால் வெள்ளை கவுன் கிடையாது, பாட்டு கிடையாது. பாஸ்டர் அறையில் நாற்காலிகளுக்கு நடுவே நின்று ஒரு ஜெபம், அதோடு சரி. பிறகு பிள்ளை பிறக்கிறவரை கடைசி பெஞ்சு. கடைசி பெஞ்சு என்றால் சும்மா இல்லை, நற்கருணை அப்பமும் ரசமும் கிடையாது, யாரும் கை கொடுக்கவும் மாட்டார்கள். மாப்பிள்ளை கொபினாவின் அம்மா வேறு, பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "என் மகன் பலிபீடத்துக்கு முன்னாடிதான் மோதிரம் மாத்துவான். ஆபீஸ் ரூம் கல்யாணமா இருந்தா எங்களுக்கு வேண்டாம்."

படம் பரவிய அன்று சாயங்காலமே கொபினாவின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. புதன்கிழமை பாஸ்டர் அறைக்கு வரவேண்டுமாம்.

எக்குவா கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை எங்கேயோ வெளியே போய்வந்தாள். வந்தவள் வாசற்படியிலேயே நின்று, "அக்கா, உங்கிட்ட ஒண்ணு பேசணும்" என்றாள். அராபா கேட்கும் நிலையிலா இருந்தாள்? முற்றத்தில் துணி காயப்போடும் கயிற்றுக்குக் கீழே வாளி, நாற்காலி, உலக்கை எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி, லென்ஸை மாற்றி மாற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் வைத்தால் வாளி வாளியாகவே இருந்தது. அதையே ஓரத்துக்கு நகர்த்தினால் அண்டா! துண்டு லென்ஸைக் கழற்றினால் மறுபடி வாளி. அவளுக்குச் சந்தோஷத்தில் கத்தவேண்டும் போலிருந்தது.

"நீ ஒண்ணும் பேசவேணாம். இங்க வந்து பாரு! நடுவுல இருக்கறத விட்டுரும், ஓரத்துல இருக்கறதத்தான் புடிச்சு இழுக்குது. உன் வயிறு இல்லடி அது, கண்ணாடியோட சேட்டை. நாளைக்கு அந்த டாட்சி அம்மா மூஞ்சில கரியப் பூசுறேனா இல்லையா பாரு."

எக்குவா வாளியின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இல்லக்கா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று இழுத்தாள். "போய்ச் சாப்புடு. மூணு நாளா பட்டினி கெடக்குற" என்று விரட்டிவிட்டு அராபா உலக்கையை ஓரத்துக்கு நகர்த்தப் போய்விட்டாள்.

புதன்கிழமை பாஸ்டர் அக்வாவின் அறையில் மின்விசிறி ஒரு மூலையை மட்டும் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது. அந்த மூலையில் கொபினாவின் அம்மா உட்கார்ந்திருந்தாள். எதிரே டாட்சி அம்மா. மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருப்பவள், பெண்கள் சங்கத்தின் தலைவி. ஒருத்தி நடந்து வருவதைப் பார்த்தே எத்தனை கஜம் வேண்டும் என்று சொல்லிவிடுவாள், அளவுநாடாவைத் தொடவே மாட்டாள் என்று பெயர் வாங்கியவள். மூப்பர் எஸில்ஃபி சுவரோடு சுவராக நின்றார். ஈர்க்குச்சி உடம்பு. பெல்ட்டின் கடைசி ஓட்டையும் போதாமல் புது ஓட்டை போடுகிற மனிதர். எக்குவா தரையைப் பார்த்தபடி கதவோரம் நின்றாள்.

"பாஸ்டர் ஐயா, எனக்கு இவ மேல பகை கெடையாது" என்று டாட்சி அம்மாதான் ஆரம்பித்தாள். "நான் தூக்கி வளத்த புள்ள. ஆனா சபைன்னு ஒண்ணு இருக்கில்ல? நாளைக்கு என் மக இப்படி நின்னாலும் நான் கேப்பேன்."

அராபா எழுந்தாள். பேச்சு எல்லாம் மனப்பாடம் செய்து வந்திருந்தாள், ஒன்றும் வரவில்லை. நேரே மூப்பரின் கையைப் பிடித்து இழுத்து அறையின் ஓரத்தில் நிறுத்தினாள். மூப்பர் பதறிப்போனார். நடுவில் பாஸ்டர், இந்தப்பக்கம் கொபினாவின் அம்மா. துண்டு லென்ஸைத் திருகி ஒரு படம். திரையை எல்லோருக்கும் காட்டினாள்.

படத்தில் மூப்பர் எஸில்ஃபி நிறைமாதமாக நின்றார். தலை ஒரு பக்கம் பப்பாளியாய் நீண்டிருந்தது. தொப்பை சட்டையோடு சேர்ந்து சுவரை நோக்கிப் பாய்ந்திருந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த பாஸ்டர் மட்டும் நேற்றுப் பார்த்த பாஸ்டராகவே இருந்தார்.

"ஆண்டவரே!" என்றார் மூப்பர், தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு.

"மூப்பரே, உங்களுக்கு எத்தன மாசம்?" என்றாள் கொபினாவின் அம்மா. கேட்டுவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், கண்ணில் நீர் வந்து, இடுப்புத் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டு, மறுபடி படத்தைப் பார்த்து மறுபடி சிரித்தாள். பாஸ்டரும் சிரித்துவிட்டார். அராபா விடவில்லை. துண்டைக் கழற்றினாள், மூப்பர் மெலிந்தார். மாட்டினாள், பெருத்தார். நடுவில் நிறுத்தினாள், மெலிந்தார். "இதத்தான் ஐயா நம்ம சபை என் தங்கச்சி வயித்துல பாத்துச்சு. கண்ணாடி சொன்ன பொய்ய நம்பி ஒரு பொண்ணோட மானத்த சந்தியில இழுத்துட்டாங்க. இவ வயித்துல ஒண்ணும் இல்லன்னு எங்கம்மா கல்லறை மேல சத்தியம் பண்றேன்."

அதைச் சொல்லும்போது எக்குவா தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அவமானத்தில் அழுகிறாள், கண்மணி, என்று நினைத்துக்கொண்டாள் அராபா.

பாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் தீர்ப்பு. "இந்தப் பொண்ணுக்குச் சோதனை வேண்டாம். இதுக்கு மேல இவள நர்ஸ்கிட்ட அனுப்புனா, சபை இவள ரெண்டாந்தடவை அடிச்ச மாதிரி. டாட்சி அம்மா, பொய்ச்சாட்சிக்கு நம்ம சபையில என்ன முறைன்னு உங்களுக்கே தெரியும். நீங்கதான் எத்தனையோ பேருக்கு அத எடுத்துச் சொன்னவங்க."

டாட்சி அம்மாவின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. "எனக்கா? கடைசி பெஞ்சா?" என்றாள். "நான் படத்துல பாத்ததத்தானே ஐயா சொன்னேன்?" மூப்பர் தன் வயிற்றையே தடவிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கைப்பையைத் தேடினாள், அது அவள் மடியிலேயே இருந்தது.

வெளியே வந்ததும் அராபாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மீன்பிடித் துறைமுகம் போகும் ரோட்டில் தங்கையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடந்தாள். சந்தோஷத்தில் வாய் ஓயவில்லை. இனி சபையில் எந்தக் கல்யாணம் என்றாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள், நடுவில் நிறுத்த வேண்டியவர்களை நடுவில் நிறுத்தணும், அது ஒன்றுதான் ரகசியம், உன் கல்யாணத்துக்கு நேர் லென்ஸ்தான், துண்டைத் தொடவே மாட்டேன் என்று பேசிக்கொண்டே போனாள். எக்குவா வறுத்த மீன் விற்கிறவளின் அடுப்பைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். வாடை பட்டதும் குனிந்து ரோட்டோரத்தில் வாந்தி எடுத்தாள். எடுத்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, ரெண்டு கோடு வந்துச்சு."

"என்ன கோடு?"

"நேத்து மருந்துக்கடையில வாங்கிப் பாத்தேன். ரெண்டு கோடு."

அராபாவின் கை தங்கையின் தோளிலேயே இருந்தது. அதை எடுப்பதா, வைத்திருப்பதா என்று தெரியவில்லை. ரோட்டில் ஒரு வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே போனான். இருக்க முடியாது என்று நினைத்தாள். உலக்கை பெருத்தது, மூப்பர் பெருத்தார், எல்லோரும் பார்த்தார்கள். இருக்கவே முடியாது.

"படத்துல தெரிஞ்சது..."

"படத்துல தெரிஞ்சது பொய்தான். எனக்கு நாள் தள்ளி ஒரு வாரங்கூட ஆகல, வயிறெல்லாம் வெளிய தெரியுமா? ஊரே சொல்லுதேன்னுதான் நான் போய்ப் பாத்தேன். நீ அந்தப் படம் எடுக்கலன்னா எனக்கே தெரிஞ்சிருக்காது."

"கொபினாவுக்கு?"

"சொன்னேன். கையப் புடிச்சிட்டு அழுதான். அப்புறம் ரெண்டு வாரம் வாயத் தொறக்காத, கல்யாணம் முடியட்டும்னான்."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல? நான் அம்மா கல்லறை மேல சத்தியம் பண்றப்ப கல்லு மாதிரி நின்னியே!"

"நீ எங்க சொல்ல விட்டக்கா? வாளியக் காட்டுன."

அராபா அங்கேயே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அப்படி ஒரு அதிர்ச்சி. கோபம் யார்மேல் வருகிறது என்று அவளுக்கே பிடிபடவில்லை. தங்கை மேலா, கொபினா மேலா, யூஃபி தந்த அந்தக் கண்ணாடித் துண்டின் மேலா? கண்ணாடி பொய் சொன்னது, அந்தப் பொய் மெய்யாக இருந்தது. இவள் மெய்யைக் காட்டினாள், அந்த மெய் பொய்யாகப் போயிற்று. இப்படியும் உண்டா உலகத்தில்? கடைசியில் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டாள். "கொபினா சொன்னதுதான் சரி. சோதனை வேண்டாம்னு பாஸ்டரே சொல்லிட்டாரு. ரெண்டு வாரம். வாயத் தொறக்காத" என்றாள். சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊர் வாய் என்னவோ மூடிக்கொண்டது. மூப்பரின் படம் போன் போனாகப் போய்ச் சிரிப்பாய்ச் சிரித்து, எக்குவாவிடம் ஆளாளுக்கு மன்னிப்புக் கேட்டார்கள். திறந்து கிடந்தது அராபாவின் நெஞ்சுதான்.

சனிக்கிழமை மத்தியானம் டாட்சி அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். சண்டைக்கு வருகிறாள் என்று அராபா இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு நின்றாள். வந்தவள் முற்றத்து முக்காலியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு டம்ளரை நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"அந்தக் கண்ணாடிய இன்னொரு தடவ எனக்குக் காட்டும்மா."

"எதுக்கும்மா?"

"என் கண்ணு எங்க தப்பு பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியணும். கண்ண வச்சுப் பொழைக்கிறவ நான். அன்னையிலேருந்து கடையில நாடா வச்சுத்தான் அளக்குறேன்."

என்ன செய்வாள் அராபா? கேமராவை எடுத்துவந்தாள். அந்த அம்மாவை நடுவில் நிறுத்தி ஒன்று, ஓரத்தில் நிறுத்தி ஒன்று எடுத்துக் காட்டினாள். விரல்கள் திருகில் வழுக்கின. டாட்சி அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் வயிறு ஓரத்தில் வீங்குவதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "ஆமா. இப்படித்தான் இருந்துச்சு. அப்ப தப்பு எம்மேலதான்" என்று மெல்லச் சொன்னாள். பிறகு பையைத் திறந்து, மடித்த வெள்ளை லேஸ் துணியை எடுத்து முக்காலியின் மேல் வைத்தாள். "எக்குவாவுக்கு. கவுனுக்கு மேல போட்டுக்கட்டும். அளவு பாக்கல, கொஞ்சம் கூடுதலாவே வெட்டிட்டேன். நாளைக்கு மூணாம் ஓலை வாசிக்கும்போது நான் பின்னாடி இருப்பேன். அவ என்னத் திரும்பிப் பாக்க வேணாம்னு சொல்லு. எனக்குத் தாங்காது."

இப்போது சொல்லலாம். அராபாவின் நாக்கு நுனிவரை வந்தது. டாட்சி அம்மா, உங்கள் கண் தப்புப் பண்ணவில்லை என்று ஒரு வாக்கியம். சொன்னால் கல்யாணம் போயிற்று, கொபினாவின் அம்மா போய்விடுவாள், கல்லறை மேல் செய்த சத்தியம் இவள் கழுத்தில் சுற்றும். "சரிம்மா, சொல்றேன்" என்றாள். அந்த அம்மா எழுந்து போனாள். திரும்பிப் பார்த்தபோது எக்குவா இருந்த உள்ளறையின் கதவு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. மூன்றாம் ஓலை என்பதால் அராபாவைப் பலிபீடத்துப் பக்கமே நின்று படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். கேமராவில் நேர் லென்ஸ்தான். டாட்சி அம்மா கறுப்பு உடுத்தி வந்தாள், துக்க வீட்டுக்குப் போகிற மாதிரி. வழக்கமான முன் நாற்காலியைப் பார்க்காமல் தாண்டி, தூணுக்குப் பின்னால் கடைசி பெஞ்சில் போய்த் தனியாக உட்கார்ந்தாள். கைப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு முந்தின வரிசையில் இருந்த பெண்கள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து கொண்டார்கள்.

பாட்டு முடிந்தது. பாஸ்டர் அக்வா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வாசித்தார். இந்தச் சபையைச் சேர்ந்த கொபினாவுக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த எக்குவாவுக்கும், மூன்றாம் முறையாகவும் கடைசி முறையாகவும். ஆண்கள் பக்கத்தில் கொபினா புதுச் சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா பெருமையாகச் சபையைச் சுற்றிப் பார்த்தாள். "இவங்க ரெண்டு பேரும் சேர்றதுக்கு ஏதாவது தடை இருக்குன்னு யாருக்காவது தெரிஞ்சா..." என்று பாஸ்டர் வழக்கப்படி நிறுத்தினார்.

அந்த நிறுத்தத்தில் எக்குவா முன்வரிசை ஓரத்திலிருந்து படியிறங்கினாள். அவசரம் இல்லை. ஊதா அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடுவழியே நடந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறாளோ என்று சிலர் கால்களை ஒதுக்கிக்கொண்டார்கள். கொபினா பாதி எழுந்து அப்படியே நின்றான். "எக்குவா!" என்று கூப்பிட நினைத்தாள் அராபா, வாயிலிருந்து காற்றுதான் வந்தது. கையில் கேமரா இருப்பதே மறந்துபோயிற்று.

எக்குவா கடைசி பெஞ்சு வரை போய், தூணைச் சுற்றி, டாட்சி அம்மாவின் முன்னால் நின்றாள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தோ என்னவோ அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எக்குவா உட்கார இடம் வேண்டும் என்பதுபோல் நின்றாள். டாட்சி அம்மா மெதுவாகத் திரும்பினாள். துணி அளக்கிற அந்தப் பார்வை பெண்ணின் முகத்திலிருந்து ஆரம்பித்து, ஊதா அங்கியின் மேல் கீழே இறங்கி, நடுவில், வயிற்றின் மேல் நின்றது. அவள் கை எழுந்து தன் வாயைப் பொத்திக்கொண்டது.

பாஸ்டரின் கையில் ஓலை அப்படியே இருந்தது. அத்தனை தலைகளும் பின்பக்கம் திரும்பியிருந்தன. டாட்சி அம்மா வாயைப் பொத்திய கையை எடுக்காமலே, மற்றொரு கையால் பெஞ்சிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.